பழசுக்கு முன்னுரிமை

என் அக்கா வீட்டுக்காரருக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று உண்டு. அது வங்கிக் கணக்கில் பத்திரமாக இருக்கிறது. தெருவில் அவர் பெயர் பாலிஷ். கடைக்காரர், பக்கத்து வீட்டுக்காரர், அவருடைய சொந்தத் தம்பி என்று எல்லோருக்கும் அவர் பாலிஷ்தான். நான் மட்டும் மரியாதைக்கு மாமா என்பேன், அதுவும் முகத்துக்கு நேராக.

தொழில், பழைய கம்ப்யூட்டர்களை வாங்கிச் சரிசெய்து விற்பது. இதில் வாங்குவதை ஆசையாகச் செய்வார். சரிசெய்வதை வெறியோடு செய்வார். விற்பதை மட்டும் நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிடுவார். கம்ப்யூட்டர் ஓட வேண்டும் என்பதெல்லாம் அவருக்கு இரண்டாம் பட்சம். அதைச் சட்டென்று முடித்துவிடுவார். அதற்குப் பிறகுதான் அவருடைய உண்மையான வேலை தொடங்கும். காது குடையும் பஞ்சுக்குச்சியால் கீபோர்டின் இடுக்கெல்லாம் துடைப்பார். தேய்ந்துபோன எழுத்துகளின் மேல் புது எழுத்து ஒட்டுவார். பெட்டியில் கீறல் இருந்தால் தேய்த்து, பூசி, காயவைத்து, வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்து, திருப்தி வராமல் மறுபடி தேய்ப்பார்.

கல்யாணமான புதிதில், அக்கா கொண்டுபோன தகரப் பெட்டியையும் இப்படித்தான் ஒரு கை பார்த்தார். அதன் மூடியில் ஒரு பூச்செடி வரைந்திருந்தது. மாமா தேய்த்த தேய்ப்பில் செடி போய்விட்டது. பெட்டி கண்ணாடியாக மின்னியது. அக்கா அழுதாள். மனைவி ஆனந்தக் கண்ணீர் விடுகிறாள் என்று அந்த மனிதர் பல வருடம் நம்பிக்கொண்டிருந்தார்.

வீட்டில் இரண்டு அறை, ஒரு சமையலறை. தெருவைப் பார்த்த முன்னறையில்தான் வீட்டின் ஒரே நல்ல ஜன்னல். அந்த அறை முழுக்கக் கம்ப்யூட்டர்கள். ஜன்னலின் கீழ்ப்பாதியை மானிட்டர்கள் அடைத்தன. மேல்பாதியைக் கீபோர்டுகள் அடைத்தன. பிறகு அவை மெல்ல நகர்ந்து படுக்கையறைக்கும் வந்தன. கட்டிலுக்கு ஒரு கால் உடைந்தபோது மாமா தச்சரைக் கூப்பிடவில்லை. ஒரு சிபியுவை முட்டுக்கொடுத்தார். கொடுப்பதற்கு முன் அதையும் துடைத்தார்.

அக்கா தையற்காரி. பள்ளிச் சீருடை தைக்கிறவள். அவளுடைய தையல் மெஷின் சமையலறையில், அடுப்புக்குப் பக்கத்தில் இருந்தது. குழல்விளக்கின் வெளிச்சத்தில் கருநீலமும் கறுப்பும் ஒன்றாகத்தான் தெரியும். நூலின் நிறம் பார்க்க ஒவ்வொரு தடவையும் எழுந்து, துணியோடு கொல்லைக் கதவுக்குப் போய்ப் பார்த்துவிட்டு வருவாள். மழைக்காலத்தில் அதுவும் முடியாது. அப்படி ஒரு மழைநாளில் கருநீலச் சட்டைகள் ஒரு கட்டு முழுவதையும் கறுப்பு நூலால் தைத்துவிட்டாள். பள்ளிக்கூடம் அத்தனையையும் திருப்பி அனுப்பியது. தலைமையாசிரியை, “கண்ணு டெஸ்ட் பண்ணிக்கோங்கம்மா” என்று அன்போடு சொல்லி அனுப்பினாராம். அக்காவின் கண்ணில் ஒரு கோளாறும் இல்லை. கோளாறு முன்னறையில் உட்கார்ந்து மானிட்டர் துடைத்துக்கொண்டிருந்தது.

நான் ஓர் அரசு அலுவலகத்தில், கொள்முதல் பிரிவில் எழுத்தர். எங்கள் அலுவலகத்துக்கும் ஒரு தனிப் பழக்கம் உண்டு. எந்தப் பொருள் வாங்கினாலும் அதன் மேல் ஒட்டியிருக்கும் பிளாஸ்டிக் உறையைக் கிழிக்க மாட்டோம். கிழித்தால் பொருள் பழசாகிவிடும், பழசானால் யாராவது கேள்வி கேட்பார்கள். மானிட்டர் திரையின் மேல் மெல்லிய தாள் அப்படியே இருக்கும். அதற்குள் காற்றுக் குமிழ்கள் புகுந்து, திரையில் இருப்பது மூன்றா எட்டா என்று தெரியாது. கீபோர்டு அதன் பைக்குள்ளேயே கிடக்கும். பைக்கு மேலாகவே தட்டுவோம். பெரும்பாலும் தட்டவே மாட்டோம், கையால் எழுதிவிடுவோம். எங்கள் பிரிவுத் தலைவரின் நாற்காலி வாங்கிய நாளிலிருந்து உறையோடுதான் இருக்கிறது. வெயில் காலத்தில் அவர் எழுந்திருக்கும்போது வரும் சத்தத்தை வைத்தே அவர் டீ குடிக்கக் கிளம்பிவிட்டார் என்று நாங்கள் தெரிந்துகொள்வோம்.

அப்படிப்பட்ட அலுவலகத்துக்கு மேலிடத்திலிருந்து ஒரு சுற்றறிக்கை வந்தது. மின்னணுக் குப்பை பெருகிவிட்டதாம். இனி அரசு அலுவலகங்கள் மின்னணுப் பொருள் வாங்கும்போது, பயன்படுத்திப் புதுப்பித்த பொருட்களுக்கு முன்னுரிமை தர வேண்டுமாம். படித்துப் பார்த்தேன். நியாயமாகத்தான் இருந்தது. அதனால்தான் எனக்குப் பயம் வந்தது.

தலைவர் உடனே கம்ப்யூட்டர் வாங்க வேண்டும் என்றார்.

“சார், நம்மகிட்ட இருக்கறதே நிறைய இருக்கு சார். உறையே பிரிக்கல” என்றேன்.

“முன்னுரிமை கொடுக்கணும்னு போட்டிருக்கா இல்லையா?”

“போட்டிருக்கு சார்.”

“ஒண்ணுமே வாங்காம இருந்தா எதுக்குய்யா முன்னுரிமை கொடுக்கறது? நாளைக்குத் தணிக்கையில, ஏன் கொடுக்கலேன்னு கேட்டா நீயா வந்து பதில் சொல்லுவே?”

தணிக்கை என்ற சொல்லை உச்சரிக்கும்போதே அவர் வாசல் பக்கம் ஒருமுறை திரும்பிப் பார்த்துக்கொள்வார். குப்பையைக் குறைப்பதற்காக நாங்கள் வாங்கப் புறப்பட்டோம்.

செய்தி அக்காவின் காதுக்குப் போனது. நான்தான் சொன்னேன். அவள் அடுப்பை அணைத்துவிட்டு, மெஷினை விட்டு எழுந்து, முன்னறை வாசலில் போய் நின்றாள். உள்ளே நுழைய இடமில்லாததால் வாசலோடு நிற்பதுதான் வழக்கம்.

“என்னங்க, கேட்டுக்கோங்க. கவர்ன்மென்ட்டே வந்து பழசு வேணும்னு கேக்குது. இதுக்கு மேல இன்னொருத்தர் பொறந்து வந்து கேக்கப் போறதில்ல. இந்தத் தடவை இதெல்லாம் போகலேன்னா, நான் மெஷினைத் தூக்கிட்டு என் கூடத் தைக்கிறவ வீட்டு மாடிக்குப் போயிடுவேன்.”

“தைக்கறதுக்குத்தானே? போய்ட்டு வா” என்றார் மாமா, கீபோர்டிலிருந்து தலையைத் தூக்காமல்.

“தைக்கறதுக்கு மட்டும் இல்ல.”

மாமாவின் கை நின்றது. அக்கா வெறும் பேச்சுக்கு மிரட்டுகிற ஆள் இல்லை. அந்த மாடியில் ஓர் அறை காலியாக இருப்பதும், அதில் இரண்டு ஜன்னல் இருப்பதும் எனக்குத் தெரியும். அவள் ஏற்கனவே போய்ப் பார்த்துவிட்டு வந்திருந்தாள்.

மாமா விண்ணப்பம் கொடுத்தார். நான் என் பங்குக்கு, இவர் எனக்கு உறவினர், ஆகவே தேர்வுக் குழுவில் நான் இருப்பது முறையல்ல என்று எழுதிக் கொடுத்தேன். என் நேர்மையைத் தலைவர் எல்லோர் முன்னிலையிலும் பாராட்டினார். பாராட்டி, குழுவுக்கு டீ வாங்கி வரும் பொறுப்பை என்னிடம் ஒப்படைத்தார்.

சோதனை நாள் வந்தது. மாமா தன் சரக்கிலிருந்து சிறந்தவற்றைப் பொறுக்கிக் கொண்டுவந்து கூடத்து மேஜையில் வரிசையாக வைத்திருந்தார். ஒவ்வொன்றையும் மெல்லிய துணியால் போர்த்தியிருந்தார். துணியை விலக்கியதும் கூடத்தில் இருந்தவர்கள் கண்ணைச் சுருக்கிக்கொண்டார்கள். எதிர்ச்சுவரில் ஒளி அடித்தது. தலைவர் குனிந்து, ஒரு மானிட்டரில் தன் முகத்தைப் பார்த்து, தலைமுடியைக்கூடச் சரிசெய்துகொண்டார்.

“ஏங்க, இதெல்லாம் புதுசு மாதிரி இருக்கே” என்றார்.

மாமாவின் முகத்தைப் பார்க்க வேண்டும். வாழ்நாளெல்லாம் இந்த ஒரு வார்த்தைக்காகத்தான் துடைத்தேன் என்பதுபோல வாயெல்லாம் பல்லாக நின்றார்.

“ரொம்ப நன்றி சார்.”

“நன்றி எதுக்கு? நான் குறை சொல்றேன்.”

மாமாவுக்குப் புரியவில்லை. தலைவர் விளக்கினார். பயன்படுத்திய பொருளுக்குத்தான் முன்னுரிமை. இதைப் பார்த்தால் ஒருவரும் பயன்படுத்தியதாகத் தெரியவில்லை. நாளைக்குத் தணிக்கைக்காரர் வந்து, பழசு என்று சொல்லிப் புதுசு வாங்கிவிட்டீர்கள் என்று எழுதிவிட்டால் யார் பொறுப்பு?

“சார், பழசுதான் சார். உள்ளே பாகத்திலெல்லாம் தயாரிச்ச வருஷம் இருக்கு. கழற்றிக் காட்டட்டுமா?”

“உள்ளே யாருங்க பார்ப்பாங்க? தணிக்கைக்காரர் வெளியே இருந்துதான் பார்ப்பார். பயன்படுத்தின அடையாளம் கண்ணுக்குத் தெரியணும்.”

கூடத்தின் மறுகோடியில் ஒரு மொத்த வியாபாரி தன் சரக்கோடு காத்திருந்தார். எலி கடித்த வயர், மஞ்சளேறிய பெட்டி, பாதிக்கு மேல் எழுத்தே இல்லாத கீபோர்டு. அதைப் பார்த்ததும் தலைவரின் முகம் மலர்ந்துவிட்டது. பழசு என்றால் இதுவல்லவா பழசு என்று குழுவில் இருந்த பொறியாளரிடம் மெச்சிக்கொண்டார். அந்தச் சரக்கில் ஒரே ஒரு சின்னக் குறை. எதுவும் ஓடவில்லை. அதை ஓடவைக்க வியாபாரிக்கும், அடையாளம் கொண்டுவர மாமாவுக்கும் அடுத்த வாரம் வரை அவகாசம் தந்து கலைந்தார்கள். நான் காலி டீ கிளாஸ்களைப் பொறுக்கினேன்.

வீட்டுக்கு வந்து மாமா நடந்ததைச் சொன்னார். எதைப் பெருமையோடு சொல்ல வேண்டும், எதை வருத்தத்தோடு சொல்ல வேண்டும் என்று அவருக்கே பிடிபடவில்லை. “புதுசு மாதிரி இருக்குன்னு ஆபீசரே சொல்லிட்டார்” என்பதை மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னார்.

“அதுக்கு நீங்க என்ன சொன்னீங்க?” என்று அக்கா கேட்டாள்.

“நன்றின்னேன்.”

அக்கா என்னைப் பார்த்தாள். நான் உத்தரத்தைப் பார்த்தேன்.

“சரி, அவங்க கேக்கற மாதிரி ரெண்டு கீறல் போட்டுக் கொடுத்துடுங்க. போற சனியன் போகட்டும்.”

“நானா? கீறலா?” மாமா பக்கத்திலிருந்த மானிட்டரைக் கையால் மறைத்துக்கொண்டார். “ஒவ்வொண்ணுலயும் இருந்த கீறலை எடுக்க நான் எவ்வளவு பாடுபட்டேன்னு உனக்குத் தெரியாதா? என் கையால முடியாது. வேணும்னா அந்த ஆபீசரே வந்து கீறிக்கட்டும்.”

அவகாசம் பாதி கழிந்தது. மாமா எதையும் தொடவில்லை. ஒரு நாள் காலையில் குளித்து, நல்ல சட்டை போட்டுக்கொண்டு புறப்பட்டார். பக்கத்து ஊரில் ஒரு கம்ப்யூட்டர் வகுப்பை மூடுகிறார்களாம், பழைய கம்ப்யூட்டர்கள் மலிவாகக் கிடைக்குமாம், பார்த்துவிட்டு வருகிறாராம். இன்னும் கொஞ்சம் வாங்கப் போகிறார் என்பது அக்காவுக்குப் புரிய ஒரு நிமிடம் ஆனது. அவள் வாசல் வரை வந்து அவரை வழியனுப்பினாள். அன்று விடுமுறை. கதவைச் சாத்திவிட்டு என்னைக் கூப்பிட்டு அனுப்பினாள்.

நான் போனபோது, பாத்திரம் தேய்க்கும் கம்பி நார், தையல் கத்தரி, துணிக்குக் கோடு போடும் சாக்குக்கட்டி, ஒரு கிளாஸ் டீ எல்லாம் தரையில் தயாராக இருந்தன. முதல் கம்ப்யூட்டரை மடியில் வைத்துக்கொண்டாள்.

“அக்கா, வேண்டாம்க்கா. மாமா தாங்க மாட்டார்.”

“நான் இத்தனை வருஷம் தாங்கலையா? நீ அந்த டீயைக் குடிச்சிட்டு, கிளாஸோட ஈர அடியை அது மேல வை. வட்டம் விழணும்.”

வைத்தேன். வட்டம் அழகாக விழுந்தது. நான் குழுவில் இல்லை என்பதை ஏற்கனவே எழுதிக் கொடுத்தாகிவிட்டது, ஆகவே மனசாட்சி உறுத்தவில்லை.

எடுத்த எடுப்பில் கோபமாகத்தான் கீறினாள். இரண்டு மூன்று முடிந்ததும் கை நிதானப்பட்டது. முகத்தில் ஒரு ரசனை வந்தது. சட்டை தைக்க அளவெடுக்கிறவள் அல்லவா, ஒவ்வொன்றுக்கும் ஓர் ஆளை நினைத்துக்கொண்டு கீறினாள். “இது ஒரு கணக்கப்பிள்ளையோடது. நம்பர் மட்டும்தான் தேய்ஞ்சிருக்கணும்” என்று எண்களை மட்டும் நாரால் மெல்லத் தேய்த்தாள். “இவ கையில வளையல் போட்டவ” என்று கீபோர்டின் முன்விளிம்பில் சின்னச் சின்னக் கோடு போட்டாள். “இவன் முன்கோபி” என்று என்டர் பட்டனை மட்டும் கத்தரியின் பிடியால் குத்தினாள். ஒரு மானிட்டரின் மூலையில் குழந்தைப் படம் போட்ட ஸ்டிக்கரை ஒட்டி, பாதியில் கிழித்து, “அப்பா திட்டிட்டார்” என்றாள். நான் சிரித்துவிட்டேன். அவளும் சிரித்தாள். அவள் சிரித்து நான் பார்த்து நாளாகியிருந்தது. எனக்குச் சந்தோஷமாகவும் இருந்தது, மாமாவை நினைத்தால் பாவமாகவும் இருந்தது.

சாயங்காலம் மாமா திரும்பினார். நல்லவேளையாகக் கம்ப்யூட்டர் வகுப்பில் விலை படியவில்லை, வெறுங்கையோடு வந்தார். வாசலிலேயே நின்றுவிட்டார். செருப்பைக் கழற்ற மறந்து உள்ளே வந்து, ஒரு பெட்டியின் கீறலின் மேல் விரலை வைத்துத் தடவினார். அடுத்ததைத் தடவினார். கத்துவார் என்று நான் கதவோரமாக நகர்ந்து நின்றேன். அவர் கத்தவில்லை. அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். கண் கலங்கியிருந்தது.

“எதுக்கு?” என்று கேட்டார்.

“எனக்கு ஒரு ஜன்னல் வேணும்” என்றாள் அக்கா.

அவர் தலை நிமிர்ந்து ஜன்னல் இருந்த பக்கம் பார்த்தார். அங்கே கீபோர்டுகள்தான் தெரிந்தன. அதற்குப் பின்னால் அப்படி ஒன்று இருப்பதே அப்போதுதான் அவருக்கு நினைவு வந்திருக்க வேண்டும். பாலிஷ் டப்பாவை எடுத்து மூடி, அலமாரியின் மேல்தட்டில் வைத்தார்.

அடுத்த வாரம் குழு கூடியது. மொத்த வியாபாரியின் கம்ப்யூட்டர் ஒன்று ஓடியது, ஓடிக்கொண்டே புகைந்தது. மாமாவின் மேஜைக்கு வந்த தலைவர் டீ வட்டத்தைக் கண்டதும் நின்றார். விரலால் சுற்றி வரைந்து பார்த்தார்.

“இதுதாங்க உழைச்ச மெஷின். பாருங்க, யாரோ ஒருத்தர் இது முன்னால உக்காந்து ராப்பகலா வேலை பார்த்திருக்கார்.”

அந்த ஒருவர் கையில் டீத் தட்டோடு பக்கத்தில்தான் நின்றுகொண்டிருந்தார். நான் தலையைக் குனிந்துகொண்டேன். பொறியாளர் கிழிந்த ஸ்டிக்கரைப் பார்த்து நெகிழ்ந்து, தன் மகனும் இப்படித்தான் என்றார். மாமாவிடம் இருந்த மொத்தச் சரக்கையும் எடுத்துக்கொள்வதாக எழுதிக் கையெழுத்துப் போட்டார்கள். யாரும் புதுசு மாதிரி இருக்கிறது என்று சொல்லவில்லை. மாமாவும் யாருக்கும் நன்றி சொல்லவில்லை.

முன்னறை காலியானது. ஜன்னலின் தாழ்ப்பாள் துருப்பிடித்துத் திறக்க மறுத்தது. மாமாவே எண்ணெய் போட்டுத் திறந்தார், திறந்த கையோடு தாழ்ப்பாளையும் தேய்த்துப் பளபளவென்று ஆக்கினார். அதை அக்கா மன்னித்துவிட்டாள். மெஷினை ஜன்னலோரம் போட்டு உட்கார்ந்தாள். கருநீல நூலையும் கறுப்பு நூலையும் இரண்டு கையில் பிடித்து, உட்கார்ந்த இடத்திலிருந்தே மாறி மாறிப் பார்த்தாள். பார்க்கத் தேவையே இல்லை, இருந்தாலும் பார்த்துக்கொண்டே இருந்தாள். நான் அங்கே நிற்காமல் கிளம்பிவிட்டேன், நின்றிருந்தால் அழுதிருப்பேன்.

கதை இங்கே முடிந்திருக்கலாம். ஆனால் எங்கள் அலுவலகம் ஒரு வேலையில் இறங்கிவிட்டால் முழுதாக முடிக்காமல் விடாது.

முதலில் மாமா. வாங்கியவற்றைப் பார்த்துக்கொள்ள அவர் மாதாமாதம் வர வேண்டும் என்று ஒப்பந்தம். வந்தார். வரும்போதெல்லாம் சட்டைப் பையில் ஒரு துணி வைத்திருந்தார். யாரும் பார்க்காதபோது ஒரு கீறலைத் துடைத்து எடுத்துவிட்டுப் போவார். தலைவரின் கம்ப்யூட்டரில் டீ வட்டம் காணாமல் போன அன்று பெரிய ரகளை ஆனது. அன்றிலிருந்து வாசல் காவலாளி, மாமா உள்ளே வரும்போது பையைச் சோதித்துத் துணியை வாங்கி வைத்துக்கொள்கிறார், போகும்போது திருப்பித் தருகிறார்.

அடுத்தது பழைய கம்ப்யூட்டர்கள். அதாவது எங்கள் உறை பிரிக்காத புதிய கம்ப்யூட்டர்கள். மாற்றுப் பொருள் வந்துவிட்டால் இருப்பதைக் கழிக்க வேண்டும் என்பது விதி. தேய்ந்த கம்ப்யூட்டர்கள் மேஜைக்கு வந்தன. தேயாதவை குப்பை என்ற தலைப்பின் கீழ் ஏலத்துக்குப் போயின. மேலிடத்திலிருந்து எங்கள் பிரிவுக்குப் பாராட்டுக் கடிதமும் வந்தது. ஏலத்துக்கு வந்த ஒரே ஆள் யார் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

வண்டி நிறைய ஏற்றிக்கொண்டு மாமா நேரே வீட்டுக்குப் போயிருக்கிறார். அக்கா ஜன்னல் வழியாகவே வண்டியைப் பார்த்திருக்கிறாள். கத்தரியைக் கையில் எடுத்ததைத் தவிர வேறு ஒன்றும் செய்யவில்லையாம். மாமா வண்டிக்காரரிடம், “திருப்புப்பா” என்றிருக்கிறார்.

வண்டி என் வீட்டு வாசலில் வந்து நின்றது.

“ரெண்டே நாள் மாப்ளே. இடம் பார்த்துட்டு எடுத்துக்கறேன். பாரு, உறைகூடப் பிரிக்கல, ஒரு கீறல் இல்ல, எனக்கு இதுல துடைக்கக்கூட வேலை இல்ல” என்றார். குரலில் பெருமையும் ஏக்கமும் சரிபாதியாக இருந்தன. அக்காவின் ஜன்னலுக்கு நான் செய்யக்கூடியது இவ்வளவுதான் என்று நினைத்துச் சரி என்றேன்.

அந்த இரண்டு நாள் போய் மழைக்காலமே வந்துவிட்டது. என் மனைவி பள்ளி ஆசிரியை. ஜன்னலோரம் மேஜை போட்டு விடைத்தாள் திருத்துகிறவள். இப்போது அடுப்புக்குப் பக்கத்தில் உட்கார்ந்து திருத்துகிறாள். மூன்றா எட்டா என்று தெரியாமல் மதிப்பெண் போட்டுவிட்டதாக ஒரு புகாரும் வந்துவிட்டது. என்னிடம் ஒரு வார்த்தை சண்டை போடவில்லை. அதுவே எனக்குச் சரியாகப் படவில்லை.

நேற்று வேலை முடிந்து வந்து செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தபோது, உள்ளே அவள் போனில் பேசிக்கொண்டிருப்பது கேட்டது.

“அண்ணி, எந்தக் கம்பி நார் வாங்கினீங்க? இங்கே கடையில ரெண்டு தினுசு இருக்காம்.”